பின்னணி பாடியவர்

ஆம்பூர்
9 ஜூன் 2025

அன்புள்ள பாரதி,

சமீருல்லா எழுதுகிறேன். எந்த சமீருல்லா என்று கேட்க மாட்டாய் என்று நம்புகிறேன். உன் மகனிடம் நம்பர் வாங்கி வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது, அடுத்த நிமிடமே என்னை பிளாக் செய்துவிட்டாய். உன் மகன் பிறகு சொன்னான்: "அம்மா உங்க கொரல கேக்க மாட்டாங்களாம் அங்கிள். எழுதினா படிப்பாங்களாம்." அதனால் எழுதுகிறேன். கை பழக்கம் விட்டுப்போய்விட்டது, எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

விஷயம் இதுதான். என் மகள் தூபா பெங்களூரில் சவுண்ட் இன்ஜினியர். ரம்ஜானுக்கு வந்திருந்தபோது எங்கள் தோல் யூனிட்டின் பழைய குடோனில் ஒரு பெட்டியைத் திறந்தாள். உள்ளே நம் 'மணல் ஆறு' பாட்டின் ஒரிஜினல் டேப். மெட்ராஸ் ஸ்டுடியோவில் எட்டு டிராக்கில் எடுத்தோமே, அதே டேப். எண்பத்தாறில் ஐந்நூறு தட்டு போட்டு அதில் பாதி விலை போகாமல் கிடந்த நம் ரெகார்டை எவனோ ஒரு வெளிநாட்டுக்காரன் இன்டர்நெட்டில் ஏற்றியிருக்கிறான். இப்போது அதைக் கிளாசிக் ராக் என்கிறார்கள், பாரதி. நாம் வாசித்த காலத்தில் தோல் மண்டித் தெருவில் பேஜார் என்றார்கள். தூபாவின் கம்பெனி அதை சரவுண்ட் சவுண்டில் புதிதாக மிக்ஸ் செய்து வெளியிடப் போகிறது. 'வெட் புளூ' என்றால் என்ன என்று கேட்டார்கள். குரோமில் ஊறி நீலமாக வெளியே வருகிற ஈரத் தோலுக்குப் பெயர், எங்கள் பேண்டுக்கும் அதையே வைத்துவிட்டோம் என்றேன். ரொம்ப ரசித்தார்கள்.

போன வாரம் போய்க் கேட்டேன். ஓர் அறை, நடுவில் ஒரே ஒரு நாற்காலி. சுற்றிலும் ஏழு ஸ்பீக்கர், தலைக்கு மேல் நாலு. விளக்கைக் கம்மி பண்ணிவிட்டு தூபா பாட்டை ஓடவிட்டாள். எனக்கு ரோமமெல்லாம் நின்றுவிட்டது. ரெகார்டில் எல்லாம் ஒரே மூட்டையாகக் கேட்குமே, இங்கே ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கிறது. முஜாஹித்தின் டிரம்ஸ் இடது பக்கம் ஆரம்பித்து முதுகைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போகிறது. என் கிட்டார் முன்னால். என் குரல் நேர் எதிரே, மூன்றடி தூரத்தில். ஐந்தாவது நிமிடத்தில் சிம்பல் சத்தம் தலைக்கு மேலிருந்து இறங்குகிறது. அப்புறம் பின்சுவரிலிருந்து உன் குரல். ஆமாம், உன் குரல்தான். ரெகார்டில் இல்லாதது டேப்பில் இருக்கிறது. மெல்லிசாக, எங்கோ தூரத்தில் யாரோ பாடுகிற மாதிரி வருகிறது. இத்தனை வருஷம் கழித்தாவது உனக்கு அதில் ஓர் இடம் கிடைத்ததே என்று எனக்குச் சந்தோஷம்.

முஜாஹித் வஃபாத் ஆகி, அவனை அடக்கம் செய்து ஆறு வருஷம் ஆகிறது. அவன் வீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். இனி உன் கையெழுத்து ஒன்றுதான் வேண்டும். படிவம் இதோடு வைத்திருக்கிறேன்.

உன் பழைய தோஸ்த்,
சமீருல்லா


சத்துவாச்சாரி
17 ஜூன் 2025

திரு. சமீருல்லா அவர்களுக்கு,

படிவத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கையெழுத்து இல்லை.

முதலில் ஒன்று. என்னை நீ, வா, போ என்று எழுத உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? காலேஜில் நான்தான் கொடுத்தேன். எண்பத்தாறிலேயே திரும்ப வாங்கிக்கொண்டுவிட்டேன். தோஸ்த் என்ற சொல்லையும் சேர்த்துத்தான்.

உங்கள் குரலை ஏன் கேட்க மாட்டேன் என்று என் மகன் கேட்டான். அவனிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கு எதுவுமே தெரியாதது போல எழுதியிருக்கிறீர்கள்.

மெட்ராஸில் நாலு நாள் இருந்தேன். தோழியின் ஹாஸ்டலில் தங்கி, தினமும் ஸ்டுடியோவுக்கு வந்து போனேன். விரிஞ்சிபுரம் திரும்பியதும் எல்லாரிடமும் சொன்னேன். 'மணல் ஆறு' ஒன்பது நிமிஷப் பாட்டு, அந்த ஒன்பது நிமிஷமும் நான்தான் பாடியிருக்கிறேன் என்று சொன்னேன். அப்பா இல்லாத வீடு. என் அண்ணன் ஜெயப்பிரகாஷ்தான் எல்லாம். ரெகார்டு வந்ததும் அவர் மைக்செட்காரரிடம் பிளேயர் வாங்கி வந்து, மாடியில் குழாய் ஸ்பீக்கர் கட்டினார். தெருவே வாசலில் வந்து நின்றது. ஊசி வைத்தார்கள். நீங்கள் பாட ஆரம்பித்தீர்கள்.

நான் வந்துவிடுவேன், இதோ வந்துவிடுவேன் என்று ஒன்பது நிமிஷமும் காத்திருந்தேன். பாட்டு முடிந்துவிட்டது. அமிர்தவள்ளி பெரியம்மா கேட்டாள்: "இன்னாடி, உன் கொரலு இவ்ளோ கட்டையா இருக்குது?" எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. ஊசியை எடுத்துவிட்டுத் தெருவே பார்க்கக் கேட்டார்: "நாலு நாளு மெட்ராஸ்ல இன்னா பண்ணே?" பாடினேன் என்றேன். அறைந்தார்.

அதற்குப் பிறகு அந்தக் கேள்விதான் தெருவில் என் பெயர். நாலு நாள் எங்கே இருந்தாள், யாரோடு இருந்தாள். இரண்டு மாதத்தில் நாட்றம்பள்ளிக்குக் கட்டிக் கொடுத்தார்கள். கழுத்தை நீட்டினேன். கல்யாணத்துக்கு நீங்களும் வந்தீர்கள். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டீர்கள். கலர் பேப்பரில் சுற்றி ஒரு பரிசு கொடுத்தீர்கள். நாட்றம்பள்ளியில் போய்ப் பிரித்தேன். அதே ரெகார்டு! என் மாமியார் அட்டைப் படத்தைப் பார்த்து, "யாரும்மா இந்தப் பசங்க?" என்று கேட்டார். தெரியாது என்றேன்.

அன்றிலிருந்து நான் பாடியதில்லை. என் மகனைக்கூட ரேடியோ போட்டுத்தான் தூங்க வைத்தேன். எனக்குப் பின்சுவரில் இடம் கிடைத்தது என்று உங்களுக்குச் சந்தோஷமா? எழுத வெட்கமாக இல்லையா?

பாரதி


ஆம்பூர்
24 ஜூன் 2025

பாரதி அவர்களுக்கு,

நீங்கள் என்றே எழுதுகிறேன். உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அந்தத் தெருவில் நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது. அல்லாஹ் மேல் ஆணையாகத் தெரியாது. ஆனால் உங்கள் குரலை நான் வேண்டுமென்று வெட்டினேன் என்று நினைக்கிறீர்கள், அதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மூன்று நாள் ஒத்திகை பார்த்துவிட்டு, கடைசி நாள்தான் 'மணல் ஆறு' எடுத்தோம். பாட்டு உங்கள் தனிக் குரலில் ஆரம்பிப்பதால் உங்களைத்தான் முதலில் பாடச் சொன்னார் இன்ஜினியர். அது முதல் டிராக். நாங்கள் எல்லாரும் அதைக் காதில் மாட்டிக்கொண்டு அதன்மேல் வாசித்தோம். நீங்கள் சாயங்காலம் பஸ் ஏறிவிட்டீர்கள். எட்டாவது டிராக் காலியாக இருந்தது. சும்மா, ஆசைக்கு, நான் ஒரு தடவை பாடி வைத்தேன். அது வெறும் ரஃப்.

பிறகு எந்த டிராக்கில் என்ன இருக்கிறது என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார் இன்ஜினியர். ஒரு தாளில் எட்டுக் கட்டம் போட்டேன். நான் உருது மீடியத்தில் படித்தவன், தெரியுமே. அவசரத்தில் கை தானாக வலது ஓரத்திலிருந்து ஆரம்பித்துவிட்டது, எழுதியதும் உருதுவில். வலது ஓரக் கட்டம் முதல் டிராக், இடது ஓரக் கட்டம் எட்டாவது. இடது ஓரத்தில் பெருக்கல் குறி போட்டு, இது வேண்டாம் என்று இங்கிலீஷில் எழுதினேன். என் ரஃப் பாட்டைத்தான் வேண்டாம் என்றேன். இன்ஜினியருக்கு உருது தெரியாது. இடது ஓரம் என்றால் முதல் டிராக் என்று எடுத்துக்கொண்டார். உங்களை அணைத்துவிட்டு என்னைப் போட்டுவிட்டார். அந்தத் தாள் இன்னும் டேப் பெட்டியில் இருக்கிறது. தூபா பார்த்ததுமே, "அப்பா, நீங்க உல்டாவா எழுதியிருக்கீங்க" என்றாள்.

நடந்தது இவ்வளவுதான். நீங்களும் அன்றைக்கே ஆம்பூருக்கு வந்து என் சட்டையைப் பிடித்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காமலே எனக்குத் தண்டனை எழுதிவிட்டீர்கள். எனக்கும் அதில் வருத்தம் உண்டு.

சமீருல்லா


சத்துவாச்சாரி
9 ஜூலை 2025

சமீருல்லா,

நீங்கள் என்று எழுத இன்று எனக்குப் பொறுமை இல்லை. இது பழைய உரிமையில் எழுதுகிற நீ இல்லை, தெருவில் சண்டை போடுகிற நீ.

நேற்று பெங்களூர் போனேன். நானே உன் மகளுக்கு ஃபோன் செய்து, நானே ரயில் ஏறிப் போனேன். அந்த அறையில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். தூபா ஓடவிட்டாள். நீ சொன்னது போலத்தான் இருந்தது. முஜாஹித் என் முதுகைச் சுற்றிப் போனான், பாவம். நீ மூன்றடி தூரத்தில் நின்று நான் பாட வேண்டியதைப் பாடினாய். நான் என் முதுகுக்குப் பின்னால், யார் வீட்டு வாசலிலோ நின்று கெஞ்சுகிறவள் மாதிரி பாடிக்கொண்டிருந்தேன். பாதியில் எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு, பின்சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். உன் மகள் பயந்துவிட்டாள்.

"இன்னாம்மா, இந்தக் கொரல எதுக்கு இங்க வச்சிருக்கே?" என்று கேட்டேன்.

"அப்பாதான் ஆன்ட்டி. இது யாருன்னு கேட்டேன். பின்னணி பாடினவங்கன்னு சொன்னாரு. அதான் பின்னாடி வச்சேன்."

சினிமாவில் பின்னணி பாடியவர் என்றால் அவர்தான் பாடியவர், திரையில் வாயசைக்கிறவன் சும்மா. அந்த அர்த்தத்தில் சொன்னேன் என்று நீ அடுத்த கடிதத்தில் எழுதுவாய், எனக்குத் தெரியும். எழுதாதே. உன் மகள் தப்பாகப் புரிந்துகொண்டு என்னைப் பின்சுவரில் வைத்தபோது நீ அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். இவள்தான் முதல் டிராக், இவள் குரலைக் கேட்டுத்தான் நாங்கள் எல்லாரும் வாசித்தோம் என்று அவளிடம் ஒரு வரி சொல்ல உனக்கு நாக்கு எங்கே போயிருந்தது? சொல்லாமல் வந்து, சந்தோஷம் என்று எனக்குக் கடிதம் எழுதுகிறாய்.

அந்தத் தாளையும் பார்த்தேன். நீ சொன்னது நிஜம்தான். கை தவறியது நிஜம். ஆனால் தாள் விஷயம் ஒரு சாயங்காலத்தோடு முடிந்துவிட்டது. ரெகார்டை முதல் தடவை ஓட்டிய அன்றே உனக்குத் தெரிந்துவிட்டது, இல்லையா? அன்றைக்கே பஸ் ஏறியிருந்தால் ஆம்பூரிலிருந்து விரிஞ்சிபுரம் ஒரு மணி நேரம். நீ வரவில்லை. இரண்டு மாதம் கழித்து அதைப் பரிசாகக் கட்டிக்கொண்டு வந்தாய். நான் ஏன் வந்து கேட்கவில்லை என்று வேறு கேட்கிறாய். வாசல்படி தாண்ட விட்டால்தானே வருவேன்!

அண்ணன் இன்னும் விரிஞ்சிபுரத்தில்தான் இருக்கிறார். எழுபத்திரண்டு வயது. எங்களுக்குள் பேச்சு நின்று பதினோரு வருஷம் ஆகிறது. அந்த நாலு நாளும் நான் பாடினேன் என்பது அவர் சாவதற்குள் அவர் காதில் விழ வேண்டும். நான் சொல்லி நம்ப மாட்டார். நீ நேரில் போய்ச் சொல். அதற்கு முன்னால் என் கையெழுத்து கிடைக்காது.

பாரதி


ஆம்பூர்
14 ஜூலை 2025

பாரதி,

சரி, உண்மையை எழுதிவிடுகிறேன். ரெகார்டு வந்த அன்று என் தந்தை அதைக் கேட்டார். பாட்டு என்றாலே எழுந்து போகிறவர். ஒன்பது நிமிஷமும் உட்கார்ந்து கேட்டுவிட்டு, "நல்லாத்தான் பாடறே" என்றார். என் ஆயுசில் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். இது என் பாட்டு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிறகு கடைத்தெருவில் சொன்னார்கள், காலேஜில் சொன்னார்கள். நாளைக்கு விரிஞ்சிபுரம் போய் உன்னிடம் சொல்லிவிடலாம் என்றே ஒரு மாதம் ஓடிவிட்டது. அப்புறம் உன் கல்யாணப் பத்திரிகை வந்துவிட்டது. பரிசைக் கொடுத்தபோது நீ என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. அது சந்தோஷம் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

உன் அண்ணன் வீட்டுக்குப் போக எனக்குப் பயமாக இருக்கிறது. எல்லாவற்றையும் கடிதமாக எழுதி அவருக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினால் போதாதா?

சமீருல்லா


சத்துவாச்சாரி
17 ஜூலை 2025

போதாது. நேரில் போ.

பாரதி


ஆம்பூர்
28 ஜூலை 2025

பாரதி,

நேற்று போனேன். இதை எப்படி எழுதுவது என்று காலையிலிருந்து இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன்.

உன் அண்ணன் வெளியில் கட்டிலில் படுத்திருந்தார். பெயரைச் சொன்னதும், "தெரிது, ஒக்காரு" என்றார். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். தாளின் ஜெராக்ஸைக் கையில் கொடுத்து, எந்தக் கட்டம் எது என்று விரல் வைத்துக் காட்டினேன். ரெகார்டு வந்த அன்றே எனக்குத் தெரியும், நான்தான் வாயை மூடிக்கொண்டேன், உங்கள் தங்கை பொய் சொல்லவில்லை என்று சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் தாளை மடித்து என்னிடமே கொடுத்தார்.

"எனக்குத் தெரியும்பா."

"இன்னாங்க தெரியும்?"

"அவதான் பாடினான்னு. ஊரே சிரிச்சுதே, அதுக்கு அடுத்த வாரம் மெட்ராஸ் போனேன். அந்த ஸ்டுடியோவத் தேடிப் புடிச்சேன். நாலு நாளும் காலைல வரும், பாடிட்டுப் போவும், தங்கமான பொண்ணுன்னு அந்த இன்ஜினியர் சொன்னாரு. அப்ப ஏன் சார் ரெகார்டுல இல்லன்னேன். வேணாம்னு எழுதிக் குடுத்துட்டாங்கன்னாரு."

"அப்புறம் ஏங்க அவங்ககிட்ட சொல்லல?"

"நாட்றம்பள்ளி எடம் அப்பதான் வந்துது. கவர்மென்ட் உத்தியோகம். இவ பாட்டு, பேண்டுன்னு ஆடினுருந்தா அவங்க ஒத்துக்குவாங்களா? இவதான் ஒத்துக்குவாளா? ஊர்ப் பேச்சுக்குப் பயந்துதான் மறு பேச்சு பேசாம கழுத்த நீட்டினா. ரெகார்டுல கொரல் இல்லாததே நல்லதாப் போச்சுன்னு விட்டுட்டேன்."

அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. அடிக்க எனக்கு என்ன யோக்கியதை? அவர் மருமகள் டீ கொண்டு வந்தாள். தெரிந்தும் சொல்லாத இரண்டு ஆம்பிளைகள் எதிரெதிரே உட்கார்ந்து டீ குடித்தோம். கிளம்பும்போது, "இத அவகிட்ட சொல்லிடாதப்பா, வயசான காலத்துல" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டேன். பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. மறுபடியும் வாயை மூடிக்கொள்ளத் தலையாட்டியிருக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

கையெழுத்தைப் பற்றி நான் இனி கேட்க மாட்டேன்.

சமீருல்லா


சத்துவாச்சாரி
12 ஆகஸ்ட் 2025

சமீருல்லா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் அடுப்பு பற்ற வைக்கவில்லை. மகன் ஹோட்டலில் வாங்கி வந்தான். மூன்றாம் நாள் அண்ணனுக்கு ஃபோன் செய்தேன். "தெரியுமா?" என்று மட்டும் கேட்டேன். "உன் நல்லதுக்குத்தாம்மா" என்றார். வைத்துவிட்டேன்.

நான் பொய்க்காரி என்று அவர் நம்பினார் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். நம்பியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். நம்பிவிட்டு அறைந்தார் என்றால் அது அறை. தெரிந்துகொண்டு வந்து, என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டு, தெரு என்னைப் பேசுவதைப் பேசவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாரே, அதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. உன்மேல் இருந்த கோபத்தில் பாதி அவருக்குச் சேர வேண்டியது என்று இப்போது புரிகிறது. அதற்காக உனக்குக் குறைத்துக்கொள்ளப் போவதில்லை. இரண்டு பேருக்கும் முழுசாகவே இருக்கிறது.

நேற்று மறுபடி பெங்களூர் போனேன். உன் குரலை எடுத்துவிடச் சொன்னேன். தூபா ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள், பிறகு எடுத்துவிட்டாள். நீ வேண்டாம் என்று குறி போட்டதைத்தான் எடுத்திருக்கிறாள், அதனால் நீ வருத்தப்பட ஒன்றும் இல்லை. என்னைப் பின்சுவரிலிருந்து முன்னால் கொண்டுவந்தாள். உன் மகள் நல்ல பெண்.

அப்போது அவள் கேட்டாள்: "ஆன்ட்டி, உங்க டிராக்குல பாட்டுக்கு முன்னாடி கொஞ்சம் பேச்சு இருக்கு. எப்பவும் இதெல்லாம் வெட்டிடுவோம். கேக்கறீங்களா?"

போடச் சொன்னேன். முதலில் நாற்காலி இழுக்கிற சத்தம். யாரோ இருமுகிறார்கள், முஜாஹித்தாக இருக்கும். பிறகு நான் பேசுகிறேன். இருபத்தோரு வயது. பக்கத்தில் நிற்பது போல அவ்வளவு தெளிவாக இருக்கிறது.

"சார், சீக்கிரம் ஆரம்பிக்கலாமா? ஆறு மணி பஸ்ஸப் புடிக்கணும். எங்கண்ணன் வேலூர் பஸ் ஸ்டாண்டுல வந்து நின்னுகினு இருப்பாரு. மெட்ராஸ் அனுப்பாதன்னு யார் யாரோ சொன்னாங்க. அவரு கேக்கல. யார் இன்னா சொன்னாலும் எங்கண்ணன் என்னெ நம்புவாரு சார்."

இன்ஜினியர் சிரிக்கிறார். ஒன்று, இரண்டு, மூன்று என்கிறார். நான் பாட ஆரம்பிக்கிறேன்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன், சமீர். துக்கத்தில் அழவில்லை. அந்தப் பெண்ணின் வாயைப் பொத்த வேண்டும் போல ஆத்திரம் வந்தது. பொத்த முடியாமல் அழுதேன். தூபா தண்ணீர் கொடுத்துவிட்டு, வெட்டிவிடட்டுமா என்று கேட்டாள்.

வேண்டாம் என்றேன். அதை நேர் எதிரே வை, பாட்டைவிடச் சத்தம் ஜாஸ்தியாக வை, வேலூர் பஸ் ஸ்டாண்டு என்று சொல்வது விரிஞ்சிபுரம் வரைக்கும் கேட்கிற மாதிரி வை என்றேன். அவள் வைத்துக் காட்டினாள். இன்னும் கொஞ்சம் ஏற்றச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

பாரதி